பென்னிகுவிக் சொத்தை விற்றாரா? – வாசகர் கேள்வி பதில்

ஜனவரி 15 நெருங்கினாலே முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். அன்று அவர் பிறந்த நாள். பொங்கலும் அதை ஒட்டியே வருவதால் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் பக்கம் அவர் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைப்பது வழக்கமாகிவிட்டது. இந்தத் தடவை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான், ஆகவே அதை முதலில் முடித்துவிடுவோம்.

கே: பாதி கட்டிய அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதும் வெள்ளைக்கார அரசு கையை விரித்துவிட்டது, பென்னிகுவிக் இங்கிலாந்து போய்த் தன் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையை முடித்தார் என்று என் தாத்தா சொல்வார். இப்போது அது கட்டுக்கதை என்கிறார்கள். எது சரி? – வாசகர், கம்பம்

தாத்தா கோபித்துக்கொள்ளக் கூடாது. அதற்கு ஆதாரம் இல்லை.

முல்லைப்பெரியாறு அணை சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் துறை எடுத்துச் செய்த வேலை. மதிப்பீடு போட்டு, மேலே அனுப்பி, ஒப்புதல் வாங்கி, வருடா வருடம் நிதி ஒதுக்கி நடந்தது. முடியும்போது செலவு 80 லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது. அந்தக் காலத்து 80 லட்சம்! ஒரு ராணுவ அதிகாரி தன் வீடு வாசலையெல்லாம் விற்றாலும் அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அப்படியே அவர் கொண்டுவந்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள், சம்பளம் வாங்கும் ஒரு இன்ஜினியர் சொந்தப் பணத்தைக் கொட்டினால் கஜானாவில் அதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பார்கள்? அரசாங்க அலுவலகத்தில் ஒரு நாள் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும்.

திட்டத்தில் வேலை பார்த்த மெக்கன்சி என்ற பொறியாளர் 1899-ல் இதன் வரலாற்றை முழுசாக எழுதி அரசு அச்சகத்திலேயே வெளியிட்டார். பென்னிகுவிக்கும் லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தில் 1897-ல் ஒரு கட்டுரை சமர்ப்பித்திருக்கிறார். வெள்ளம், காய்ச்சல், ஆள் பற்றாக்குறை, செலவு என்று எல்லாம் அவற்றில் வருகிறது. வீடு விற்ற கதை வரவில்லை.

தாத்தா சொன்னதில் ஒரு பகுதி நிஜம். தற்காலிகத் தடுப்புகளையும் அடிமட்ட வேலைகளையும் வெள்ளம் பல தடவை கொண்டுபோனது உண்மை, ஒவ்வொரு தடவையும் மறுபடி ஆரம்பித்ததும் உண்மை. அதற்கு மேல் ஊர் தன் நன்றியைச் சேர்த்துச் சொல்லிக்கொண்டது. எனக்கு இந்தக் கதையில் இருக்கும் வருத்தமே வேறு: ஆற்றோடும் காட்டோடும் ஆட்சியோடும் மல்லுக்கட்டிய ஒரு பொறியாளரை அது வெறும் வள்ளலாகச் சுருக்கிவிடுகிறது. 2021-ல் மதுரையில் கலைஞர் நூலகத்துக்கு இடம் தேர்ந்தெடுத்தபோது, அங்கே இருந்த பழைய கட்டடம் பென்னிகுவிக் வாழ்ந்த வீடு என்று ஒரு சர்ச்சை கிளம்பியது நினைவிருக்கும். அவர் 1911-லேயே இறந்துவிட்டார், கட்டடம் அதற்குப் பிறகு எழுந்தது என்று அரசு விளக்க வேண்டியதாயிற்று. ஆளுக்கு மரியாதை செய்கிறோம், சரி. ஆண்டுகளையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம்.

கே: கர்னல் என்கிறார்கள், இன்ஜினியர் என்கிறார்கள். உண்மையில் போருக்குப் போனவரா, இல்லை அது வெறும் பட்டமா? – வாசகி, திருமங்கலம்

போனவர்தான். அதற்கு முன்பே போர் அவர் வீட்டுக்குள் வந்திருந்தது.

1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். அப்பா பெயரும் ஜான் பென்னிகுவிக்தான், பிரிட்டிஷ் படையில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் சீக்கியர்களுக்கு எதிராக நடந்த சில்லியன்வாலா போரில் அவர் இறந்தார். அதே களத்தில், விழுந்து கிடந்த அப்பாவின் உடலைக் காத்து நின்ற இன்னொரு மகன் அலெக்சாண்டரும் கொல்லப்பட்டான். அவனுக்கு வயது 17. நம்முடைய பென்னிகுவிக்குக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது. செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர அந்தக் காலத்தில் நாள்கணக்கில் ஆகும், ஆகவே அந்தப் பிறந்த நாள் அன்று அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

செல்டன்ஹாம் கல்லூரியில் படித்துவிட்டு அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளிக்குப் போனார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் பீரங்கிப் படைக்கும் பொறியாளர் படைக்கும் அதிகாரிகளைத் தயார் செய்த இடம் அது. கோதாவரி அணைக்கட்டைக் கட்டிய, நம் காவிரி கொள்ளிடத்திலும் வேலை செய்த ஆர்தர் காட்டன் அங்கே படித்தவர், கங்கைக் கால்வாயை வெட்டிய காட்லி அங்கே படித்தவர். காட்டனும் முதல் பர்மா போருக்குப் போய்வந்துதான் ஆறுகள் பக்கம் திரும்பினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு இந்தியாவில் பெரிய நீர்ப்பாசன வேலை என்றால் அது பெரும்பாலும் சிப்பாய் இன்ஜினியரின் கையில்தான் இருந்தது. சிவில் இன்ஜினியர் என்பதில் உள்ள சிவில் என்ற சொல்லே ராணுவம் சாராதது என்ற பொருளில் வந்தது, இங்கே நடந்தது அதற்கு நேர்மாறு.

1858-ல் மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து 1860-ல் இந்தியா வந்தார். 1867-68-ல் அபிசீனியப் போர். இன்றைய எத்தியோப்பியாதான் அபிசீனியா. அங்கே பேரரசர் தெவோத்ரோஸ் பிரிட்டிஷ் தூதர்களையும் சில ஐரோப்பியர்களையும் சிறைவைத்திருந்தார், அவர்களை மீட்க ராபர்ட் நேப்பியர் தலைமையில் இந்தியாவிலிருந்து சுமார் 13,000 வீரர்கள் போனார்கள். நேப்பியரே ஒரு ராணுவப் பொறியாளர். இந்தப் போரில் துப்பாக்கி பேசியது சில நாட்கள்தான். மீதி மாதங்கள் முழுக்கப் பொறியாளர்களின் பாடு: ஒன்றுமே இல்லாத செங்கடல் கரையில் இறங்குதுறை கட்ட வேண்டும், அங்கிருந்து தண்டவாளம் போட வேண்டும், கிணறு தோண்ட வேண்டும், பிறகு ஏறக்குறைய 400 மைல் மலைப்பாதையில் பீரங்கி போக வழி வெட்ட வேண்டும். பீரங்கி சுமக்க இந்தியாவிலிருந்து 44 யானைகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 1868 ஏப்ரல் 13 அன்று மக்தலா கோட்டை விழுந்தது, பேரரசர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். இந்தப் படையில் நம் ஊர்த் தமிழ் வீரர்கள் நிறைந்த மெட்ராஸ் சாப்பர்களும் (ராணுவத்தின் பொறியியல் பிரிவு) இருந்தார்கள், 27 வயது பென்னிகுவிக்கும் இருந்தார், பதக்கமும் வாங்கினார். கைதிகளை மீட்டதோடு நிற்காமல் கோட்டையைக் கொள்ளையடித்துத் தீவைத்துவிட்டு வந்த படை அது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் ஒரு ஏகாதிபத்தியத்தின் அதிகாரி, அதில் மழுப்ப ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று தோன்றுகிறது. சாலை இல்லாத மலையில் ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறும் தண்ணீரும் தளவாடமும் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதை அவர் அங்கே கண்ணால் பார்த்தார். இருபது வருடம் கழித்துப் பெரியாற்றுக் காட்டில் அவருக்கு முன்னால் நின்ற கணக்கும் அதேதான்.

கே: மேற்கே போகும் ஆற்றைக் கிழக்கே திருப்பும் யோசனையே அவருடையதா? – ஆசிரியர், ராமநாதபுரம்

இல்லை, உங்கள் ஊருடையது! ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி (அமைச்சர்) முத்திருளப்ப பிள்ளை 1789-ல் 12 பேரை மலைக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். முடியும் என்று வந்து சொன்னார்கள், பணம்தான் இல்லை. 1808-ல் கால்டுவெல் என்ற கேப்டன் வந்து பார்த்துவிட்டு இது வீண் கனவு, இனி யாரும் இதைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். 1850-ல் சின்னதாக ஒரு மண் அணை தொடங்கினார்கள், காய்ச்சலுக்குப் பயந்து ஆட்கள் கூலி அதிகம் கேட்க, அதுவும் நின்றது. ரைவ்ஸ் என்ற கேப்டன் 1867-ல் 62 அடி மண் அணைக்குத் திட்டம் கொடுத்தார், அது காகிதத்தோடு சரி.

1876-லிருந்து 1878 வரை அடித்த தாது வருடப் பஞ்சம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. மதுரைச் சீமை எலும்புக்கூடாகிப்போன பிறகு, தண்ணீர் கொண்டுவர ஆகும் செலவைவிடக் கொண்டுவராமல் இருப்பதன் செலவு பெரியது என்று அரசுக்கு உறைத்தது. 1882-ல் பென்னிகுவிக்கிடம் பொறுப்பு வந்தது, 1884-ல் திட்டம் ஏற்கப்பட்டது. அவர் கொண்டுவந்த முக்கியமான மாற்றம், மண் அணையைத் தள்ளிவிட்டுக் கல்லும் சுண்ணாம்புக் கலவையும் கொண்ட அணை என்று உறுதியாக நின்றது.

கே: நான் சிவில் டிப்ளமோ படிக்கிறேன். சிமெண்ட் இல்லாமல் ஓடும் ஆற்றில் எப்படிக் கட்டினார்கள்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். – மாணவர், சிவகங்கை

விவரமாகவே சொல்கிறேன், இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது.

முதலில் அளவு. அஸ்திவாரத்திலிருந்து 176 அடி உயரம், சுமார் 1,200 அடி நீளம். அடியில் 138 அடி அகலம், உச்சிக்கு வரும்போது வெறும் 12 அடி. தன் எடையாலேயே தண்ணீரின் தள்ளலை எதிர்த்து நிற்கிற அணை, நீங்கள் கிராவிட்டி டேம் என்று படித்திருப்பீர்கள். முன்னும் பின்னும் கல் கட்டுமானம், நடுவில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட். சுர்க்கி என்றால் சுட்ட களிமண்ணை, செங்கல்லைப் பொடித்த தூள். வெறும் சுண்ணாம்பு காற்றுப் பட்டால்தான் இறுகும், அணைக்குள் காற்று எங்கே இருக்கிறது? சுர்க்கி சேர்ந்தால் ஈரத்துக்குள்ளேயே இறுகும். அப்போது இந்தியாவில் சிமெண்ட் ஆலை கிடையாது, வேண்டுமானால் கப்பலில் வர வேண்டும், அந்த விலைக்குத் திட்டமே படுத்துவிடும்.

இத்தனை உயரம் எதற்கு என்று யோசித்தீர்களா? தண்ணீரைத் தேக்கிவைப்பதற்காக மட்டும் இல்லை. மேற்கே சரிந்து ஓடும் தண்ணீரை மலையின் கிழக்கு விளிம்புக்குத் தூக்கிக் கொண்டுவர வேண்டும். மட்டம் 104 அடியைத் தொட்டால்தான் இந்தப் பக்கம் தண்ணீர் வரவே வரும், அதற்குக் கீழே இருப்பது நமக்குப் பயன்படாது. அப்படித் தேக்கடிப் பக்கம் வந்து நின்ற தண்ணீரை, பாறையில் 5,700 அடிக்கு மேல் நீளமாகக் குடைந்த சுரங்கத்தின் வழியே மலைக்கு இந்தப் பக்கம் விட்டார்கள். 12 அடி அகலம், ஏழரை அடி உயரம் உள்ள சுரங்கம், 75-க்கு 1 என்ற சரிவு. அங்கிருந்து வைரவனாறு, சுருளியாறு, வைகை. கீழே பேரணையில் மறித்து மேலூர் வரைக்கும் கால்வாய். ஒரு மலைத்தொடரைத் துளைத்து ஒரு ஆற்றுப் படுகையின் தண்ணீரை இன்னொன்றுக்குக் கொண்டுபோனது அந்தக் காலத்தில் உலகமே திரும்பிப் பார்த்த வேலை.

இனி கஷ்டத்துக்கு வருவோம். 1887-ல் வேலை தொடங்கியது. இடமோ யானையும் புலியும் உலவும் காடு, பக்கத்தில் ஊர் கிடையாது, கூடலூர்ப் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு மூட்டையையும் மாட்டுவண்டியில், பிறகு கம்பிவடத்தில், அப்புறம் படகில் என்று மாற்றி மாற்றிக் கொண்டுபோக வேண்டும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் ஆறு ஆளையே விழுங்கும். ஆக, தண்ணீர் வடிகிற மாதங்களில் ஓடுகிற ஆற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி, தற்காலிகத் தடுப்பு போட்டு, பாறை வரைக்கும் தோண்டி, அடிக்கட்டுமானத்தைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்துவிட வேண்டும். அதற்குள் எதிர்பாராத ஒரு மழை போதும், எல்லாம் போச்சு. அணை ஆற்றுமட்டத்துக்கு மேலே வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது, வராத வரைக்கும் ஒவ்வொரு வருடமும் சூதாட்டம்தான். 46 வயதில் இதில் இறங்கியவர் முடிக்கும்போது 54. 1895 அக்டோபர் 10 அன்று சென்னை கவர்னர் வென்லாக் பிரபு தண்ணீரைத் திறந்துவிட்டார்.

கே: எங்கள் பாட்டியின் தாத்தா அணை வேலைக்குப் போய்த் திரும்பவே இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். பென்னிகுவிக்குக்குச் சிலை இருக்கிறது. வேலை செய்தவர்களுக்கு என்ன இருக்கிறது? – வாசகி, சின்னமனூர்

ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். அணைக்குச் சற்று வடக்கே, நோயில் இறந்த 483 பேர் புதைக்கப்பட்டதாகக் கணக்கு. மலேரியாதான் பெரிய எமன். காய்ச்சல் வந்து ஊருக்குத் திரும்பிப் போய், வழியிலோ வீட்டிலோ செத்தவர்களை யார் எண்ணினார்கள்?

தொடக்கத்தில் வேலையில் இறங்கியவர்கள் மெட்ராஸ் பயனியர்ஸ் படையின் 1-வது, 4-வது பட்டாலியன்கள், கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசிய வழித் தச்சர்கள். ஒரு போர் அதிகாரி தலைமையில் சிப்பாய்கள் மண்வெட்டி பிடித்தார்கள். பிறகு மதுரை, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் கூலியாட்கள் வந்தார்கள், குளிரில் நடுங்கினார்கள், அறுவடை என்றால் இறங்கிப் போனார்கள், சிலர் திரும்பவில்லை. குளிருக்கும் காய்ச்சலுக்கும் மருந்தாகச் சாராயம் கொடுத்தார்கள், அது இல்லாவிட்டால் அணையே முடிந்திருக்காது என்று மெக்கன்சி பச்சையாக எழுதியிருக்கிறார். உங்கள் பாட்டியின் தாத்தா பெயர் எந்தக் கல்லிலும் இல்லாமல் இருக்கலாம். மணிமண்டபத்தில் ஒரு சுவரை அவர்களுக்கென்று ஒதுக்கினால் என்ன என்று நானும் கேட்கிறேன், கேட்க வேண்டியவர்கள் காதில் விழட்டும்.

கே: 999 வருட ஒப்பந்தத்தைப் போட்டது பென்னிகுவிக்கா? – வாசகர், போடி

இல்லை. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானமும் பிரிட்டிஷ் இந்திய அரசும் அணை நிலத்துக்காகப் போட்ட குத்தகை அது. 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் வருடம் 40,000 ரூபாய் வாடகை. 1970-ல் அதை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தினார்கள். நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தும் பஞ்சாயத்தை இங்கே இழுக்காதீர்கள், 2014-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு அனுமதி கொடுத்தது, அதற்கு மேல் எழுதினால் இந்தப் பத்தி முழுக்க அதற்கே போய்விடும்.

கே: அணைக்கு அப்புறம் அவர் என்ன ஆனார்? குடும்பம்? – வாசகர், மதுரை

ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார், ஆனால் சும்மா உட்காரவில்லை. இந்தியப் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளர்களைத் தயார் செய்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்கு 1896 முதல் 1899 வரை தலைவர். அப்புறம் ஆஸ்திரேலியா. 1893-ல் பிரிஸ்பேன் ஆற்றில் வந்த வெள்ளம் நகரத்துப் பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போயிருந்தது, என்ன செய்யலாம் என்று ஆராய குயின்ஸ்லாந்து அரசு அவரைத்தான் அழைத்தது. 58 வயதில் கப்பலேறிப் போய் அறிக்கை கொடுத்தார். வெள்ளத்திடம் அத்தனை தடவை அடி வாங்கியவரைவிட வேறு யாரைக் கேட்பது!

ஐந்து பெண்கள், ஒரு பையன். பையன் பெயரும் ஜான், மூன்றாவது தலைமுறையாக அதே பெயர். அவர் ஆற்றுப் பக்கம் போகவில்லை, இங்கிலாந்தில் நீதிபதி ஆனார். பென்னிகுவிக் 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் இறந்தார், பக்கத்தில் ஃப்ரிம்லி தேவாலய வளாகத்தில் அடக்கம். 2022-ல் தமிழக அரசு கேம்பர்லியில் அவருக்குச் சிலை வைத்தது.

கே: குழந்தைகளுக்கு அணையைக் காட்ட வேண்டும். நேரில் போய்ப் பார்க்க முடியுமா? – வாசகி, திண்டுக்கல்

அணைக்கு முடியாது. அது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். தேக்கடியில் படகு ஏறினால் அணை தேக்கிய ஏரியைப் பார்க்கலாம், தண்ணீருக்குள் நிற்கும் பட்டுப்போன மரங்கள் அப்போது மூழ்கிய காட்டின் மிச்சம் என்று குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். கீழே கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப்பில் 2013-ல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது, பக்கத்திலேயே மலையிலிருந்து மின் நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்களையும் காட்டலாம். ஜனவரி 15 அன்று போனால் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.